கப்பலைக் காக்கும் காகிதம்

சாலையில் வழி தவறிய ஒருவர் என்ன செய்வார்? எதிரே வருபவரைக் கேட்பார், மைல்கல்லைப் பார்ப்பார், ஒன்றும் இல்லையென்றால் சற்று நின்று யோசிப்பார். கடலில் இவை எதுவும் நடவாது. கேட்க ஆள் இல்லை. மைல்கல்லும் இல்லை. நிற்கலாம் என்றாலோ காற்றும் நீரோட்டமும் நிற்க விடுவதில்லை. மேலும், தரையில் உள்ள மேடு பள்ளம் கண்ணுக்குத் தெரியும்; கப்பலை உடைக்கும் பாறையோ நீருக்கு அடியில் மறைந்து கிடக்கிறது. நூறு பாகம் ஆழமுள்ள நீரும் ஒரு பாகம் ஆழமுள்ள நீரும் இருட்டில் ஒன்றுபோலவே இருக்கும்.

மறைந்து கிடக்கும் இந்தத் தரையை நமக்குக் காட்டுவதுதான் கடல் வரைபடம். நில வரைபடம் பெரும்பாலும் நாம் காணக்கூடியதைக் காட்டுகிறது. கடல் வரைபடம் நாம் காண முடியாததைக் காட்டுகிறது. ஆகவே இதில் பிழை இருந்தாலும் ஆபத்து. பிழையே இல்லாத படத்தைத் தவறாகப் படித்தாலும் ஆபத்து. நமது இந்தியப் பெருங்கடலிலேயே இந்த இரண்டுக்கும் சான்றுகள் உள்ளன.

பிழையான படம்: 1786

1786ஆம் ஆண்டு மே மாதத்தில் ‘அட்லஸ்’ என்னும் பாய்மரக் கப்பல் பட்டேவியாவிலிருந்து (இன்றைய ஜகார்த்தா) இலங்கையை நோக்கி வந்துகொண்டிருந்தது. அதில் துணை மாலுமித் தலைவராக இருந்தவர் ஜேம்ஸ் ஹார்ஸ்பர்க். ஸ்காட்லாந்தில் எளிய குடும்பத்தில் 1762இல் பிறந்தவர். பதினாறு வயதிலேயே கடலுக்கு வந்தவர். கப்பலில் இருந்த வரைபடத்தை நம்பித்தான் அவர்கள் வழி வகுத்துக்கொண்டனர். ஆனால் அந்தப் படம் பிழையானது. கப்பல் டியேகோ கார்சியா தீவில் மோதி உடைந்தது.

டியேகோ கார்சியா ஒரு பவளத்தீவு. இத்தகைய தீவுகள் மாலுமிகளுக்கு ஏன் பொல்லாதவை என்பதைச் சற்றுப் பாருங்கள். கடல் மட்டத்திற்கு மேல் சில மீட்டர் உயரமே உள்ள தரை அது. கப்பலின் தளத்தில் நீரிலிருந்து 9 மீட்டர் உயரத்தில் நிற்பவருக்குத் தொடுவானம் ஏறத்தாழ 11 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும். பகலில் தென்னை மரங்களின் தலைகள் அதற்கு அப்பாலிருந்தும் தெரியக்கூடும். இரவில் எதுவும் தெரியாது. ஆழம் பார்த்துத் தப்பிக்கலாமா என்றால் அதுவும் கடினம். பவளத்தீவின் பக்கங்கள் கடலடியிலிருந்து சுவர்போல் செங்குத்தாக எழுகின்றன. நீர் படிப்படியாக ஆழம் குறைந்து எச்சரிக்கை தருவதில்லை. ஆழம் தெரிந்த மறுகணமே பாறை வந்துவிடும். எனவே தீவு எங்கே இருக்கிறது என்பதை முன்னதாகவே அறிந்திருக்க வேண்டும். அதைச் சொல்ல வேண்டிய படமே பொய் சொன்னால்?

ஹார்ஸ்பர்க் உயிர் தப்பிப் பம்பாய் வந்து சேர்ந்தார். அந்த விபத்துக்குப் பிறகு அவர் ஒரு வேலையை விடாமல் செய்தார். எந்தக் கப்பலில் சென்றாலும் கரைகளையும் தீவுகளையும் அளந்தார்; ஆழங்களைக் குறித்தார்; காற்று, நீரோட்டம் பற்றிய செய்திகளைத் திரட்டினார். காற்றழுத்தமானியையும் அவர் விடவில்லை. வெப்ப மண்டலக் கடல்களில் காற்றழுத்தம் நாள்தோறும் இருமுறை ஏறி இறங்குவதை 1802 முதல் 1804 வரை குறித்துவைத்தார். அந்தக் கட்டுரையை இலண்டன் ராயல் கழகம் வெளியிட்டது. 1806இல் அவரைத் தன் உறுப்பினராகவும் ஏற்றுக்கொண்டது.

படங்களுக்கு முந்தைய காலம்

மாலுமிகள் படம் பயன்படுத்தத் தொடங்கியது எப்போது? மத்தியதரைக் கடலில் 13ஆம் நூற்றாண்டிலேயே தோலில் வரைந்த படங்கள் இருந்தன. அவற்றில் துறைமுகங்களின் பெயர்கள் கரையோரமாக நெருக்கமாக எழுதப்பட்டிருக்கும். திசைகாட்டியின் திசைகளைக் குறிக்கும் கோடுகள் வலைபோல் பின்னியிருக்கும். ஆனால் அவற்றில் அட்சரேகை, தீர்க்கரேகைகள் கிடையா. சிறிய கடலுக்கு அவை போதும், பெருங்கடலுக்குப் போதா.

பூமி உருண்டை. அதன் மேற்பரப்பைத் தட்டையான தாளில் விரித்தால் எங்கேனும் இழுபடத்தான் செய்யும். 1569இல் ஜெரார்டஸ் மெர்க்கேட்டர் ஒரு வழி கண்டார். துருவங்களை நோக்கிச் செல்லச் செல்ல அட்சரேகைகளின் இடைவெளியை அவர் அதிகமாக்கினார். இதனால் நிலப்பரப்புகளின் அளவு கெட்டது. ஆனால் திசைகள் கெடவில்லை. ஒரே திசையைப் பிடித்துச் செல்லும் கப்பலின் பாதை இந்தப் படத்தில் நேர்கோடாக அமையும். மாலுமிக்கு வேண்டியது அதுதானே! இதற்குரிய கணக்கை எட்வர்டு ரைட் என்னும் ஆங்கிலேயர் 1599இல் விளக்கி வெளியிட்டார்.

ஆழம் அளக்க இருந்த கருவி மிக எளியது. ஈயக்குண்டு கட்டிய கயிறு. இரு கைகளையும் விரித்த நீளமே ஒரு பாகம். அதாவது ஆறு அடி. நம் கடற்கரையில் மீனவர்கள் இன்றும் பாகக் கணக்கில் ஆழம் பேசுவதைக் கேட்கலாம். குண்டின் அடியில் ஒரு குழிவு இருக்கும். அதில் கொழுப்பைப் பூசி இறக்குவார்கள். மேலே இழுத்தால் கடலடியின் மணலோ சேறோ சிப்பித்துண்டோ அதில் ஒட்டிக்கொண்டு வரும். ஒன்றும் ஒட்டாமல் வந்தால் அடியில் பாறை என்று ஊகிக்கலாம். நங்கூரம் போடுவதற்கு இது மிக முக்கியம். சேற்றிலும் மணலிலும் நங்கூரம் பிடிக்கும். வழுக்குப் பாறையில் பிடிக்காது.

சென்னையில் தொடங்கிய ஒரு வாழ்க்கை

கப்பல்கள் கண்டறிந்த செய்திகளை ஓரிடத்தில் சேர்த்து, ஒப்பிட்டு, அச்சிட்டு வழங்க யாராவது வேண்டுமல்லவா? அந்தப் பணியைச் செய்தவர்களுள் முதன்மையானவர் அலெக்சாண்டர் டால்ரிம்பிள். கிழக்கிந்தியக் கம்பெனியின் எழுத்தராக 1752இல், பதினைந்து வயதில், அமர்த்தப்பட்டுச் சென்னைக்கு வந்தவர் இவர். பிறகு கீழைக் கடல்களில் பயணம் செய்தார். 1779இல் கம்பெனியின் கடல் வரைபட அலுவலரானார். 1795இல் பிரிட்டிஷ் கடற்படை ஒரு வரைபட அலுவலகத்தை நிறுவியபோது அதன் முதல் தலைவராகவும் அமர்ந்தார். அந்த அலுவலகத்தின் முதல் வரைபடம் 1800இல் வெளிவந்தது.

ஹார்ஸ்பர்க் வரைந்த படங்களை அச்சிட்டவரும் டால்ரிம்பிள்தான். 1808இல் டால்ரிம்பிள் மறைந்தார். 1810இல் கம்பெனியின் வரைபட அலுவலர் பதவி ஹார்ஸ்பர்க்குக்கு வந்தது. பிழையான படத்தால் கப்பல் இழந்தவர், கீழ்த்திசைக்குச் செல்லும் கப்பல்களுக்கெல்லாம் படம் தரும் பொறுப்பில் அமர்ந்தார். அவர் 1809 முதல் 1811 வரை வெளியிட்ட கடல்வழிக் கையேடு பல பதிப்புகள் கண்டது. 1836இல் அவர் காலமானார். சிங்கப்பூர் நீரிணையின் கிழக்கு வாயிலில் ஒரு தனிப்பாறைமேல் 1851இல் ஏற்றப்பட்ட கலங்கரை விளக்கம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

பிரிட்டிஷ் கடற்படை அலுவலகத்தில் 1829 முதல் 1855 வரை தலைமை வகித்தவர் பிரான்சிஸ் போஃபர்ட். காற்றின் வேகத்தைப் படிகளாகப் பிரித்த அளவுமுறைக்குப் பெயர் தந்தவரும் இவரே. சார்லஸ் டார்வின் பயணம் செய்த ‘பீகிள்’ கப்பலைப் பற்றிப் படித்திருப்பீர்கள். அது 1831இல் புறப்பட்டதன் முக்கிய நோக்கம் தென் அமெரிக்கக் கரையை அளந்து படம் வரைவதுதான். பரிணாமக் கொள்கைக்கு வித்திட்ட பயணம் கடல் வரைபடத்துக்காகத்தான் நடந்தது!

படத்தை எப்படிப் படிப்பது?

இப்போது ஒரு கடல் வரைபடத்தை உங்கள் முன் விரித்துக்கொண்டதாக எண்ணிக்கொள்ளுங்கள். நீரின்மேல் எங்கும் எண்கள். கண்ணைப் பறிக்கும் இந்த எண் காட்டுக்குள் உடனே இறங்கிவிடக் கூடாது. முதலில் தலைப்பைப் படியுங்கள்.

தலைப்பில் காண வேண்டியது அளவுத்திட்டம். 1:25,000 என்றால் படத்தில் ஒரு சென்டிமீட்டர் கடலில் 250 மீட்டர். துறைமுகத்துக்குள் நுழைய இத்தகைய படம் வேண்டும். 1:10,00,000 என்றால் ஒரு சென்டிமீட்டர் 10 கிலோமீட்டர். இந்தப் படத்தில் ஒரு கிலோமீட்டர் அகலமுள்ள பாறைத்தொடர் ஒரு மில்லிமீட்டர் புள்ளியாகிவிடும். கரையை நெருங்க நெருங்க, சிறிய இடத்தை விரிவாகக் காட்டும் படத்துக்கு மாறிக்கொள்ள வேண்டும்.

அடுத்தது ஆழத்தின் அலகு. எண்கள் மீட்டரிலா, பாகத்திலா, அடியிலா? பெரிய 3, அதன் கீழோரத்தில் சிறிய 2 என்று ஓர் எண் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மீட்டர் படத்தில் அதன் பொருள் 3.2 மீட்டர். பழைய பாகப் படத்திலோ 3 பாகம் 2 அடி. அதாவது 20 அடி, ஏறத்தாழ 6.1 மீட்டர். ஒரே எண், பொருளோ ஏறக்குறைய இரு மடங்கு வேறுபடுகிறது! மீட்டர் படத்தைப் பாகப் படம் என்று எண்ணினால் இல்லாத ஆழத்தை நம்பிக் கப்பலைச் செலுத்துவோம். பிரிட்டிஷ் படங்கள் 1960களின் இறுதியிலிருந்துதான் மீட்டருக்கு மாறத் தொடங்கின. ஆகவே பழைய படம் கையில் கிடைத்தால் இதை மறவாதீர்கள்.

மூன்றாவது கேள்வி: ஆழம் எங்கிருந்து அளக்கப்பட்டது? கடல் மட்டம் ஓதத்தால் ஏறி இறங்குகிறது. ஆகவே வற்றத்தின் மிகத் தாழ்ந்த மட்டத்தையோ அதற்கு அண்மையான ஒரு மட்டத்தையோ சுழியாகக் கொள்கிறார்கள். கெட்ட வேளையிலும் இவ்வளவு ஆழமாவது இருக்கும் என்பதுதான் படத்தின் பொருள். ஒரு கணக்குப் போடுவோம். படத்தில் ஆழம் 2.4 மீட்டர். ஓத அட்டவணைப்படி அந்த நேரத்து நீர் உயரம் 1.1 மீட்டர். ஆக மொத்தம் 3.5 மீட்டர். நம் படகு 1.8 மீட்டர் அமிழ்ந்து செல்கிறது. அடியில் மிஞ்சுவது 1.7 மீட்டர். அலை எழும்போதும் தாழும்போதும் படகும் ஏறி இறங்கும். அதற்கும் இடம் விட வேண்டும். சில எண்களுக்கு அடியில் கோடு இழுத்திருக்கும். அவை ஆழம் அல்ல. வற்றத்தின்போது நீருக்கு மேல் தலைகாட்டும் உயரம். கோட்டைக் கவனியாமல் ஆழம் என்று கொண்டால் கதை முடிந்தது!

நான்காவது, தொலைவு. படத்தின் இரு பக்க ஓரங்களிலும் அட்சரேகை அளவு இருக்கும். அட்சரேகையில் ஒரு கலை, அதாவது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு, ஒரு கடல் மைல் (1,852 மீட்டர்) ஆகும். மெர்க்கேட்டர் படத்தில் இந்த அளவு வடக்கே போகப்போக நீளும் அல்லவா? ஆகையால் நாம் அளக்கும் இடத்துக்கு நேர் பக்கத்தில் உள்ள ஓரத்திலேயே அளக்க வேண்டும். மேலும் கீழும் உள்ள தீர்க்கரேகை அளவில் ஒருபோதும் அளக்கக் கூடாது.

ஐந்தாவது, திசை. படத்தில் வட்டமான திசைமலர் ஒன்று அச்சாகியிருக்கும். வெளிவட்டம் உண்மை வடக்கையும் உள்வட்டம் காந்த வடக்கையும் காட்டும். காந்த வடக்கு ஆண்டுதோறும் நகர்கிறது. 2000ஆம் ஆண்டில் விலக்கம் மேற்கே 3 பாகை, ஆண்டு மாற்றம் கிழக்கே 5 கலை என்று ஒரு படத்தில் உள்ளதாகக் கொள்வோம். 2024இல் 24 x 5 = 120 கலை, அதாவது 2 பாகை குறைந்து, விலக்கம் மேற்கே 1 பாகை ஆகிவிடும். இரண்டு பாகைதானே என்று விட்டுவிட முடியாது. ஒரு பாகைப் பிழை 60 மைல் ஓட்டத்தில் நம்மை ஏறத்தாழ ஒரு மைல் ஒதுக்கிவிடும்.

வெற்றிடம் என்பது ஆழம் அல்ல

இவற்றுக்கும் மேலாக ஒன்றைப் பார்க்க வேண்டும். இந்த ஆழங்களை அளந்தவர் யார்? எந்த ஆண்டில்? எந்தக் கருவியால்? பல படங்களில் இதற்கென்றே ஒரு சிறு கட்டம் உண்டு.

ஈயக்குண்டு தொட்ட புள்ளியின் ஆழத்தை மட்டுமே அது சொல்லும். பத்து மீட்டர் தள்ளி ஒரு பாறை நின்றால் அது குண்டுக்குத் தெரியாது. 20ஆம் நூற்றாண்டில் எதிரொலிமானி வந்தது. கடல்நீரில் ஒலி ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் செல்லும். அனுப்பிய ஒலி இரண்டு விநாடியில் திரும்பி வந்தால் போக ஒன்று, வர ஒன்று; ஆழம் 1,500 மீட்டர். இன்றைய பலகதிர்க் கருவிகள் கப்பலுக்கு அடியில் ஒரு பட்டை முழுவதையும் விசிறிபோல் அளந்துவிடுகின்றன. ஆனால் உலகின் எல்லாக் கடல்களும் இவ்வாறு அளக்கப்படவில்லை. 19ஆம் நூற்றாண்டுக் குண்டுக் கயிறு தந்த எண்கள் இன்னும் பல படங்களில் நிற்கின்றன. படத்தில் எண்ணே இல்லாத வெள்ளையிடம் பாதுகாப்பான இடம் அல்ல. யாரும் அளக்காத இடமாக இருக்கலாம்.

நல்ல படம் தன் ஐயத்தை மறைப்பதில்லை. ‘இருப்பது ஐயத்திற்குரியது’, ‘இடம் ஐயத்திற்குரியது’ என்பதற்கெல்லாம் தனிக் குறியீடுகள் உண்டு. யாரோ ஒரு மாலுமி எப்போதோ பாறை கண்டதாகச் சொன்னார். பிறகு யாரும் காணவில்லை. அதை அழித்துவிட்டு, பின்னால் அங்கே ஒரு கப்பல் மோதினால்? ஆகவே ஐயத்தையும் ஐயம் என்றே எழுதிவைக்கிறார்கள்.

படம் அச்சான பிறகும் கடல் மாறுகிறது. மணல்திட்டு நகரும், மிதவை இடம் மாறும், ஒரு கப்பல் மூழ்கிப் புது ஆபத்தாகும். 2004 டிசம்பர் 26ஆம் நாள் நிலநடுக்கத்தில் அந்தமான் தீவுகளின் வடபகுதி உயர்ந்தது. பெரிய நிகோபாரின் தென்முனையான இந்திரா முனை நான்கு மீட்டருக்கு மேல் தாழ்ந்து, அங்குள்ள கலங்கரை விளக்கத்தின் அடிப்பகுதி நீரில் நின்றது. அதற்கு முந்தைய நாள் வரை சரியாக இருந்த படங்கள் சில நிமிடங்களில் பழசாயின. இத்தகைய மாற்றங்களை மாலுமிகளுக்கு அறிவிக்கும் அறிக்கைகளைப் பிரிட்டிஷ் அலுவலகம் 1834 முதல் வெளியிடத் தொடங்கியது. இந்தியாவில் 1874இல் கல்கத்தாவில் கடல் அளவைத் துறை நிறுவப்பட்டது. விடுதலைக்குப் பின் இப்பணி டேராடூனுக்கு மாறியது. இமயமலை அடிவாரத்தில் உள்ள தேசிய நீர்ப்பரப்பு அளவை அலுவலகமே நம் கடல்களுக்குப் படமும் திருத்த அறிக்கையும் தருகிறது. திருத்தம் வந்ததும் பழைய படத்தில் அதைக் கையால் குறித்துக்கொள்வது மாலுமியின் அன்றாடக் கடமை.

சரியான படம்: 2014, 2020

ஹார்ஸ்பர்க்கின் கப்பல் உடைந்து 228 ஆண்டுகள் சென்றன. செயற்கைக்கோள்கள் கப்பலின் இருப்பிடத்தைச் சில மீட்டர் துல்லியத்தில் சொல்லும் காலம் வந்துவிட்டது. காகிதத்துக்குப் பதில் திரையில் மின்னணுப் படங்கள் ஓடுகின்றன. 2014 நவம்பர் 29 அன்று, உலகைச் சுற்றும் பந்தயத்தில் கலந்துகொண்ட ‘வெஸ்டாஸ் விண்ட்’ என்னும் பாய்மரப் படகு, அதே இந்தியப் பெருங்கடலில், மொரீஷியஸுக்கு வடகிழக்கே உள்ள கார்கடோஸ் கராஹோஸ் பவளத்திட்டில் மோதியது. வேகம் மணிக்கு 19 கடல் மைல். நேரம் இரவு. நல்வேளையாக ஒன்பது பேரும் உயிர் தப்பினர்.

அந்தத் திட்டு படத்தில் இல்லையா? இருந்தது. ஆனால் மின்னணுப் படத்தில் பரந்த கடலைக் காணச் சுருக்கினால், திரை எண்களால் நிறைந்துவிடாமலிருக்க, நுட்பமான விவரங்கள் மறைந்துவிடும். விரித்துப் பார்த்தால்தான் பாறை தெரியும். விரித்துப் பார்க்கவில்லை. நீருக்குள் ஆழத்தில் கிடக்கும் மேடு என்றே அதை எண்ணிவிட்டனர்.

2020 ஜூலை 25 அன்று ‘வகாஷியோ’ என்னும் பெரிய சரக்குக் கப்பல் மொரீஷியஸின் தென்கிழக்குக் கரையில் பவளப்பாறைமேல் ஏறியது. ஏறத்தாழ 1,000 டன் எண்ணெய் கடலில் கலந்தது. கைபேசி அலைவரிசை கிடைக்கும் என்று கரையை நெருங்கியிருக்கிறார்கள். அந்தக் கரையை விரிவாகக் காட்டும் படம் கப்பலில் இல்லை என்பதை விசாரணை வெளிப்படுத்தியது. உயிர் இழப்பின்றி மோதல் முடிந்தாலும் அங்குள்ள மீனவர்களின் கடல் கறுத்தது.

1786இல் படம் பிழை, மாலுமி ஏமாந்தார். பிந்தைய இரண்டிலும் குறை பார்த்த முறையில் இருந்தது. அளவுத்திட்டம் என்ன என்ற முதல் கேள்வியைக் கேட்டிருந்தால் இரண்டையும் தவிர்த்திருக்கலாம்.

நம் கரையோர மீனவர்கள் கடலடிப் பாறைகளைப் ‘பார்’ என்கிறார்கள். கரையில் உள்ள கோயில் கோபுரத்தையும் அதற்குப் பின்னுள்ள மலைமுகட்டையும் ஒரே கோட்டில் பிடித்து, வேறொரு பக்கத்தில் அதுபோலவே மற்றொரு கோடு பிடித்தால், இரண்டும் வெட்டும் இடத்தில் படகு நிற்கிறது என்று அறிவார்கள். கடல் வரைபடத்தில் மாலுமி செய்வதும் இதே கணக்குத்தான். திசைகாட்டியால் இரண்டு அடையாளங்களைப் பார்த்துக் கோடு இழுத்து, வெட்டும் புள்ளியில் குறியிடுகிறார். மூன்றாவது கோடும் அதே புள்ளியில் வந்து விழுந்தால் மனம் நிம்மதி அடையலாம். விழாவிட்டால் எங்கோ தவறு. வேகத்தைக் குறைத்து மறுபடி பார்க்க வேண்டும்.

இதை நீங்கள் இன்றே செய்து பார்க்கலாம். ஒரு நில வரைபடத்தையும் சாதாரணத் திசைகாட்டியையும் எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குச் செல்லுங்கள். தொலைவில் தெரியும் மூன்று அடையாளங்களின் திசையைக் குறித்து, படத்தில் கோடு இழுங்கள். உங்கள் வீட்டின்மேல் கோடுகள் கூடுகின்றனவா? இல்லையென்றால் எத்தனை மீட்டர் தள்ளி விழுந்தன என்று அளவுத்திட்டத்தைக் கொண்டு கணக்கிடுங்கள். மாடியில் நிற்கும்போது அந்தப் பிழையால் கேடு ஒன்றும் இல்லை. இரவில், பவளத்திட்டின் அருகே செல்லும் படகில், அதே பிழை எத்தனை உயிர்களைக் கேட்கும் என்று எண்ணிப் பாருங்கள்.